வேருக்குள் இறங்கிய கடிகாரச் சுருள்

"ராத்திரி தூங்கினீங்களா?"

பல்வலி என்று வந்து உட்காருபவரிடம் பல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. பேச்சுக்குக் கேட்பதல்ல. வரும் பதிலைப் பொறுத்துத்தான் அந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம் என்பது முடிவாகும்.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களில் சிலர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு மடக்கு வாயில் ஊற்றி வலிக்கிற பக்கமாக ஒதுக்கிக்கொள்வார்கள். தண்ணீர் வாய்ச்சூட்டுக்கு வந்ததும் விழுங்கிவிட்டு அடுத்த மடக்கு. குளிர்ச்சி படும்வரை வலி அடங்கியிருக்கும், நின்றதும் காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். அனுபவமுள்ள மருத்துவருக்கு அந்த பாட்டிலைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பல்லுக்குள் இருக்கும் சதை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, இனி அது தேறாது.

பல்லின் நடுவே சின்ன அறை ஒன்று உண்டு. அதிலிருந்து வேர் நுனி வரை மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. உள்ளே இருப்பது ரத்தக் குழாயும் நரம்பும் கலந்த மிருதுவான சதை. பாடப்புத்தகம் அதைப் பல்கூழ் என்கிறது, ஊரில் எல்லோரும் நரம்பு என்றே சொல்கிறோம். கையில் முள் குத்தினால் அந்த இடம் வீங்குகிறது, தோல் விரிந்துகொடுக்கிறது. பல்லுக்குள் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர். சொத்தை வழியாகக் கிருமி நெருங்கியதும் சதை வீங்கப் பார்க்கிறது. முடியாமல் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும். பகலெல்லாம் பல்லைக் கடித்துச் சமாளித்தவர் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவது அதனால்தான்.

இந்த வலிக்கு உலகம் முழுவதும் நெடுங்காலம் ஒரே வைத்தியம்தான் இருந்தது: பிடுங்கிப் போடு. பிடுங்காமல் வைத்துக்கொள்ள முடியாதா என்று சிலர் விடாமல் யோசித்ததில் பிறந்ததுதான் இன்று ரூட் கெனால் என்று நாம் சொல்லும் வேர் சிகிச்சை. அந்தப் பிறப்பில் என்னைப் பிரமிக்க வைப்பது ஒன்று உண்டு. இதில் பயன்படும் பொருள்களில் பெரும்பாலானவை பல்லுக்காகப் பிறந்தவையே அல்ல. மணி கோர்ப்பவரிடமிருந்தும், கடிகாரத்திலிருந்தும், தந்திக் கம்பியிலிருந்தும், போர்க்கள ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கடன் வாங்கியவை. பல்லை இழக்கக்கூடாது என்ற பிடிவாதம் மட்டுமே சொந்தச் சரக்கு.

பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடத்துப் புதைகுழிகளில் 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பற்கள் அவை. துளை போட்ட பிறகும் அந்த மனிதர்கள் வாழ்ந்து மென்றிருக்கிறார்கள், துளை விளிம்பின் தேய்மானமே அதற்குச் சாட்சி. நகைக்கு மணியில் துளையிட்ட கல்முனைத் துரப்பணத்தைத்தான் வாய்க்குள்ளும் விட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த சுமார் 2,200 ஆண்டுப் பழைய மண்டையோட்டின் முன்பல் ஒன்றில், வேர்க்குழாய்க்குள் இரண்டரை மில்லிமீட்டர் வெண்கலக் கம்பி செருகியிருந்தது. யார் செருகினார்கள், எந்த நம்பிக்கையில் செருகினார்கள் என்பது அந்த மண்ணோடு போய்விட்டது.

பல்லைப் புழு அரிக்கிறது என்று பாபிலோனியர் முதல் ஐரோப்பியர் வரை நம்பினார்கள். நாமும் விலக்கல்ல, பூச்சிப்பல் என்றுதான் இன்றும் சொல்கிறோம். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்பது நம் பக்கத்துப் பாட்டி வைத்தியம். ஐரோப்பாவிலும் அதே கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றின் விதையைப் புகைத்தார்கள். சூட்டில் விதை வெடித்து வெளியே வரும் முளைக்கரு புழு மாதிரியே சுருண்டிருக்கும். பார்த்தவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

புழுவைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதியவர் பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார். சொத்தைப் பல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். புழு கிடைக்கவில்லை. 1728-இல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட பல் மருத்துவ நூலிலிருந்துதான் நவீனப் பல் மருத்துவம் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். பல்லைத் திறந்து, உள்ளே சேர்ந்த சீழை வெளியேற்றி, கிராம்பு எண்ணெயோ லவங்கப்பட்டை எண்ணெயோ தோய்த்த பஞ்சை வைத்து, பிறகு ஈயத்தால் அடைக்கும் முறையை அவர் விவரித்திருக்கிறார். சர்க்கரை பல்லுக்குக் கேடு என்றும் அப்போதே எழுதினார். சுற்றிலும் கரும்புக் கொல்லையும், பக்கத்திலேயே இறையூரில் சர்க்கரை ஆலையும் கண்ட பெண்ணாடத்துக்கு அது 300 வருஷத்துப் பழைய எச்சரிக்கை. கரும்பைக் கடித்துத் தின்பதைவிட, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சர்க்கரை போட்ட டீயும் நடுவில் பிஸ்கட்டும்தான் பல்லை அதிகம் தின்கின்றன. ஒவ்வொரு தடவையும் வாய்க் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது, எனாமல் அதில் கரைகிறது. கிராம்பு விஷயத்தில் நம் பாட்டிகளும் ஃபோஷாரும் ஒரே கட்சி. கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜெனால், துத்தநாக ஆக்சைடோடு குழைந்து, இன்றும் வேர்க்குழாயை அடைக்கும் பசைகளில் இருக்கிறது.

திறந்தாயிற்று, சரி. ஒரு மயிரிழைக் குழாய்க்குள் கையை விட முடியுமா? இங்கேதான் கடிகாரம் வருகிறது.

1838-இல் வாஷிங்டனில் எட்வர்ட் மேனார்ட் என்ற 25 வயது பல் மருத்துவர் ஒரு கடிகாரத்தின் மெல்லிய சுருள்கம்பியை எடுத்தார். அதை அராவி, ஓரத்தில் சின்னச் சின்ன முள் எழும்படி செய்து, வேர்க்குழாய்க்குள் இறக்கி, செத்த சதையைச் சுற்றி இழுத்து வெளியே எடுத்தார். வேர் சிகிச்சைக்கென்று செய்த முதல் கருவி இதுதான். இன்று மருத்துவர் விரல்நுனியில் பிடித்துச் சுழற்றும் ஃபைல், ரீமர் எல்லாம் அந்தச் சுருளின் வாரிசுகள். மேனார்டின் கை இரும்பு வேலையில் தேர்ந்த கை. பிற்பாடு அவர் துப்பாக்கி வடிவமைப்பிலும் பெயர் வாங்கினார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் பெயரிலேயே ஒரு துப்பாக்கி புழங்கியது.

ஆனால் அந்தக் கம்பி உயிருள்ள நரம்பில் பட்டால் நோயாளி என்ன ஆவார்? மரத்துப்போகும் ஊசி அன்றைக்குக் கிடையாது. 1836-இல் நியூயார்க்கின் ஸ்பூனர் என்பவர் ஒரு வழி சொன்னார்: பாஷாணத்தைப் பல்லுக்குள் வைத்து முதலில் நரம்பைக் கொல்வது. பல தலைமுறை அதைத்தான் செய்தார்கள். வெளியே கசிந்தால் ஈறும் தாடை எலும்பும் சேர்ந்து அழுகும். ரூட் கெனால் என்றாலே பயங்கர வலி என்ற பேச்சு அந்தக் காலத்துப் பேச்சு. 1884-இல் கோகெயின், 1905-இல் நோவோகெயின், 1943-இல் ஸ்வீடனின் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் என்று வரிசையாக வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. இன்று ஊசி சரியாகப் பிடித்துவிட்டால் வலி வீட்டிலேயே முடிந்துவிட்டது, நாற்காலியில் இல்லை.

காலியான குழாயை எதால் அடைப்பது என்பது அடுத்த சிக்கல். விட்டால் கிருமி மறுபடி குடியேறும். பொன் தகடு, ஈயம், மரக்குச்சி என்று என்னென்னவோ திணித்துப் பார்த்தார்கள். விடை வந்தது மலாயாக் காட்டிலிருந்து. அங்கே ஒரு மரத்தின் பால் வெந்நீரில் போட்டால் களிமண் மாதிரி இளகும், ஆறினால் கெட்டியாகும். மலாய்க்காரர்கள் அதில் வெட்டுக்கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் டாக்டராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். அதுதான் கட்டா பெர்ச்சா.

அந்தப் பால் மின்சாரத்தைக் கடத்தாது என்று ஃபாரடே எடுத்துச் சொன்னதும் உலகத் தந்தி நிறுவனங்கள் அதன் மேல் விழுந்தன. 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைத்த கடலடிக் கம்பிக்கு உறை அதுதான். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன தந்தி வடத்துக்கும் அதுதான் உறை. கப்பலேறி அக்கரைக்குப் போன நம் மனிதர்களைப் பற்றிய செய்தி அவசரமாக வந்தபோதெல்லாம் இந்த மரப்பால் வழியாகத்தான் வந்தது. அதற்காக மலாயாவில் காடு காடாக மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பல் மருத்துவர்கள் தந்திக்காரர்களுக்குச் சளைக்கவில்லை. 1847 வாக்கிலேயே லண்டனில் எட்வின் ட்ரூமன் அதைப் பல் அடைக்கப் பயன்படுத்தினார். 1867-இல் செயின்ட் லூயி நகரத்தில் போமன் என்பவர் அதையே கூம்பாக்கி வேர்க்குழாய்க்குள் இறக்கி அடைத்துக் காட்டினார். சிகிச்சை நாளில் மருத்துவர் தட்டில் வரிசையாகக் கிடக்கும் ஊசிமுனை இளஞ்சிவப்புக் குச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இதே பால்தான். இன்றைய குச்சியில் பால் ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்குக் கொஞ்சம் உலோக உப்பு. கடலடிக் கம்பிக்குப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. பல்லின் வேருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் காட்டு மரம்தான் கைகொடுக்கிறது.

எச்சில் பட்டால் எல்லாம் பாழ் என்பதை நியூயார்க்கின் பார்னம் 1864-இல் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பால் தீர்த்தார். நடுவில் ஓட்டை, அதன் வழியே பல் மட்டும் வெளியே நிற்கும். இந்த விரிப்பை இன்றும் மெனக்கெட்டு மாட்டும் மருத்துவரிடம் நம்பிப் பல்லைக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சின்னக் கருவி தொண்டைக்குள் நழுவாமலும் அது காக்கிறது.

எக்ஸ்ரேயின் கதை கொஞ்சம் சோகமானது. 1895 கடைசியில் ரான்ட்கன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களிலேயே நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ் அதைப் பல்லுக்குத் திருப்பினார். 1899-இல் வேர்க்குழாய்க்குள் ஈயக் கம்பியை விட்டுப் படமெடுத்து, குழாய் எவ்வளவு நீளம், நுனி வரை அடைத்தோமா என்று கண்ணால் பார்த்தார். அதுவரை எல்லாம் குருட்டாம்போக்கு. கதிர் கேடு செய்யும் என்பதை அப்போது பலர் உணரவில்லை. கெல்ஸ் தன் கையையே கதிர் முன்னால் நீட்டி நீட்டிக் கருவியைச் சரிபார்த்தார். புற்று பற்றி விரல்கள் போயின, பிறகு கை போனது, 1928-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பல் எக்ஸ்ரே எடுக்கும்போது நமக்கு ஈயக் கவசம் மாட்டும் வழக்கம் வந்ததும், எடுப்பவர் விலகி நிற்பதும் இப்படிப்பட்டவர்கள் உடம்பைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம்.

இதற்கு நடுவே இந்தச் சிகிச்சையே செத்துப் பிழைத்தது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் மான்ட்ரியாலில் ஒரு உரை நிகழ்த்தினார். அழுகிய பல்லின் மேல் தங்கத்தைப் போர்த்திவைப்பதால்தான் உடம்பெல்லாம் நோய் வருகிறது என்று அதில் சாடினார். மோசமான வேலையைப் பார்த்துவிட்டு அவர் கொண்ட கோபத்தில் நியாயம் இருந்தது. விளைவு கொடுமையானது. மூட்டுவலி என்றால் பல்லைப் பிடுங்கு, மனநோய் என்றால் பல்லைப் பிடுங்கு என்று முப்பது வருஷத்துக்கு மேல் லட்சக்கணக்கான பற்கள் போயின. மருத்துவர் சீட்டு எழுதிவிட்டார் என்பதற்காக நல்ல பல்லைப் பிடுங்காதீர்கள் என்று பல் மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அதே கெல்ஸும் ஒருவர். ஃபிலடெல்ஃபியாவின் லூயி கிராஸ்மன் போன்றவர்கள் கிருமி நீக்கத்தைக் கறாராகக் கடைப்பிடித்து, எக்ஸ்ரே ஆதாரத்தோடு வேர் ஆறுவதைக் காட்டினார்கள். முதல் உலகப் போரில் காயம் கழுவ டேகின் என்பவர் பயன்படுத்திய ஹைப்போகுளோரைட் கரைசலும் பல்லுக்குள் வந்து, கம்பி தொடாத மூலைமுடுக்கையெல்லாம் கழுவியது. 1940-இல் கிராஸ்மன் எழுதிய புத்தகம் இன்றும் உயிரோடிருக்கிறது. 12-ஆம் பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் சுரேஷ் சந்திரா, கோபிகிருஷ்ணா என்ற இந்திய மருத்துவர்கள்.

வழக்கை முடித்துவைத்தவை எலிகள். 1965-இல் அமெரிக்காவில் ககெஹாஷியும் இரண்டு சகாக்களும் இரண்டு கூட்ட எலிகளின் பல்லில் துளை போட்டு, உள்சதையைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளின் பல்கூழ் அழுகிச் செத்தது, வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு, திறந்த துளையில் தீனி அடைத்துக்கொண்டும் சதை சாகவில்லை. சில வாரங்களில் காயத்தின் மேல் புதிய பல்திசு பாலம் போட்டு மூடியது. குற்றவாளி கிருமிதான், அதை வெளியேற்றி வாசலை அடைத்துவிட்டால் பல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது ஐயமில்லாமல் தெரிந்தது. பிறகு 1988-இல் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் ஹர்மீத் வாலியாவும் சகாக்களும், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியம் உலோகத்தில் ஃபைல் செய்தார்கள். வளைந்த வேருக்குள் எஃகு முரண்டு பிடிக்கும், இது வளைந்துகொடுத்து இறங்கும். முன்பு பல தடவை வரவேண்டியிருந்த வேலை இன்று பலருக்கு ஓரிரு தடவையில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு வந்தால், ரஃபியுத்தீன் அகமது அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் தந்தது அவரே நடத்திய சோடா ஃபவுண்டன் கடை. சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு 1953-இல் வந்தது. தென்னார்க்காட்டுக்காரர்கள் அதற்கும் பிறகு 27 வருஷம் காத்திருந்தார்கள். 1980-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி பிறந்தது. இன்று அது அரசு சுகாதாரத் துறையின் கீழ். விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பெண்ணாடத்து மனிதர் ஒரே காலையில் போய்ச் சேரும் தூரத்தில், வேர் சிகிச்சைக்கென்றே ஒரு துறையும், ஆசிரியர் கண்காணிப்பில் பொறுமையாக வேலை செய்யும் மாணவ மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தவறவிட முக்கியக் காரணம், வலி நின்றுவிடுவது. நாலு நாள் துடித்தவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார், ஐந்தாம் நாள் வலி இல்லை, குணமாகிவிட்டது என்று அறுவடைக்குப் போய்விடுகிறார். நின்றது நோய் அல்ல, நரம்பு செத்துவிட்டது. செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் குழி பறிக்கும். கொஞ்ச நாளில் ஈறில் பரு மாதிரி ஒன்று எழும், உடையும், உப்புக் கரிக்கும், மறுபடி எழும். அந்தப் பரு வலிக்காது. அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கீழ்க் கடைவாயில் அது ஒருநாள் தாடைக்கு அடியில் பரவி, நாக்கைத் தூக்கி மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை, கழுத்து வீங்குகிறது என்றால் அது பல் டாக்டருக்குக் காத்திருக்கும் நேரமல்ல, நேரே பெரிய ஆஸ்பத்திரி.

எல்லாக் கூச்சத்துக்கும் ரூட் கெனால் தேவையில்லை. ஐஸ் பட்டதும் சுரீரென்று கூசி, எடுத்ததும் இரண்டு விநாடியில் போய்விட்டால் உள்சதை பிழைக்கக்கூடியது, சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். சூடான டீ குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலி நீடித்தால் அது வேறு. தானாகவே விண்விண் என்று தெறித்தாலும், தூக்கத்தைக் கலைத்தாலும், கடித்தால் அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்பது போல் இருந்தாலும் வேரைப் பார்க்க வேண்டும். வண்டியிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டு, மாதங்கள் கழித்து அது சாம்பல் நிறமானால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தாலோ, மேலே கேப் மாட்டும் அளவுக்குப் பல் மிஞ்சவில்லை என்றாலோ பிடுங்குவதே சரி. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், கண் நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலி தாங்காமல் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ அடக்கிக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். சதை வெந்துபோகும்.

செய்துகொண்டவர்களும் பாதியில் நிறுத்துகிறார்கள். வலி போயிற்று, கேப் எதற்கு என்று நினைக்கிறார்கள். சொத்தையும் துளையும் சேர்ந்து உள்ளே பொள்ளலாகிப்போன கடைவாய்ப் பல், கேப் இல்லாமல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும், செலவழித்தது அத்தனையும் வீண். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேரும் பெரும்பாலும் நாலு குழாயும் இருக்கும், நாலாவது கண்ணில் படாமல் தப்புவது உண்டு. முடிந்த பிறகும் வலி தொடர்ந்தால் பல்லை வெறுக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள், மறுபடி திறந்து சரிசெய்ய வழி உண்டு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலே, வரிசைக்குக் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது பால்பல் அல்ல, ஆயுசுக்கும் அது ஒன்றுதான். விழுந்து முளைக்கும் என்று நினைத்து எத்தனையோ வீட்டில் அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். சிறுவயதில் அதன் வேர்நுனி இன்னும் மூடியிருக்காது, உள்சதைக்கு ரத்தம் தாராளமாக வரும். கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, 1990-களில் கலிஃபோர்னியாவில் டொராபினெஜாட் உருவாக்கிய, சிமென்ட் இனத்தைச் சேர்ந்த மருந்தை மேலே வைத்து மூடினால், அந்த எலிகளுக்கு நடந்தது போலவே மிச்சச் சதை பாலம் போட்டுக்கொண்டு பிழைக்கிறது, வேரும் வளர்ந்து முடிகிறது. நேரத்தோடு கூட்டிவந்தால் அந்தப் பிள்ளைக்கு ரூட் கெனால் தேவைப்படாமலே போகலாம்.